அன்னத்தின் கழுத்து தப்பிய நாள்

சத்தியமாக நடந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். சரி, முறைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னால் கதை என் வேன் மாதிரி மேட்டில் திணறும்; அங்கங்கே கொஞ்சம் தள்ளிவிடுவேன். என் அக்காவைப் பற்றிச் சொல்வதில் மட்டும் ஒரு நூலிழைகூடக் கூட்டவில்லை.

நம் எம்பிராய்டரி பட்டறையில் கம்ப்யூட்டர் அக்காவின் பொறுப்பு. அவள் திரையில் வரைவாள். பக்கத்தில் நிற்கும் மெஷின் அதைத் துணியில் தைக்கும். நீச்சல் குழுவுக்கு மீன், படகுக்காரர்களின் தொப்பிக்குக் கப்பல், பள்ளிக்கூடச் சட்டைக்கு அன்னம். அந்த அன்னத்தின் கழுத்து இருக்கிறதே, நிஜ அன்னம் வந்து பார்த்தால் வெட்கப்பட்டுத் தன் கழுத்தைத் திருத்திக்கொண்டு போகும்.

ஒருநாள் காலை அக்கா ஒரு புது பேட்ஜ் டிசைனைச் சேமிக்கப் போனால், கம்ப்யூட்டர் முடியாது என்றுவிட்டது. டிஸ்க்கில் இடமில்லையாம். சாயங்காலம் பேட்ஜெல்லாம் என் வேனில் ஏறியாக வேண்டும். முதலாளி எட்டிப்பார்த்தார்.

"பழைய டிசைனையெல்லாம் அழிச்சிடும்மா. எடம் கெடச்சிடும்."

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. வேறெங்கும் நகல் கிடையாது. அழித்தால் அவள் வரைந்த அத்தனையும் போச்சு, அன்னமும் போச்சு.

"மொதலாளி, ஒரு மணி நேரம் குடுங்க. எடம் கெடைக்கலேன்னா நானே என் கையால அழிச்சிடறேன்."

நான் சும்மா இருப்பேனா? "அக்கா, என் வேன்ல பின்னாடி எடம் காலியா இருக்கு. கொஞ்சத்த அதுல ஏத்திடவா?"

"வாய மூடறியா, இல்ல ஒன்னையும் சேத்து அழிக்கவா?"

கோப்புகளையெல்லாம் பருமன்வாரியாக வரிசையில் நிற்க வைத்தாள். முன்னால் வந்து நின்றது ஒன்றுகூட டிசைன் இல்லை. எல்லாம் பிழை அறிக்கைகள். தையல் புரோகிராம் மயங்கி விழும்போதெல்லாம், அந்த நேரத்தில் தன் மண்டைக்குள் இருந்ததை மொத்தமாகக் கொட்டி ஒரு கோப்பாகக் கட்டிவைக்குமாம். ஒவ்வொன்றும் எருமைக்கடா. அக்காவின் டிசைன்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு எருமையின் வாலுக்குக் காணாது.

"என் கண்ணு முன்னால இது ஒருநாளும் விழுந்ததில்லையே!" என்றாள். பிறகு கோப்புகளின் நேரத்தைப் பார்த்தாள். எல்லாமே மதியச் சாப்பாட்டு நேரம். அப்போது அவள் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மத்தியானம் இங்க என்ன நடக்குது?"

பட்டறையே கூரையை ஆராய்ச்சி செய்தது. கடைசியில் இஸ்திரி அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"அது வந்தும்மா... திடீர்னு மெஷின் நின்னு, ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி வரும். அறிக்கைய அனுப்பவா, வெச்சுக்கவான்னு கேக்கும். மொதலாளிகிட்ட நம்மளப் போட்டுக்குடுக்கப் பாக்குதுன்னு, 'வெச்சுக்கோ'ன்னு அமுக்கிட்டு மறுபடி ஓட்டிடுவோம்."

"எல்லாருமா?"

"ஒத்துமையா இருக்கோம்மா."

கோபத்தில் ஆரம்பித்த முதலாளியின் முகம் சிரிப்பில் முடிந்தது. "அது போறது புரோகிராம் பண்ணவங்களுக்குய்யா, எனக்கில்ல! ஒண்ணு விடாமத் தொடச்சுத் தள்ளும்மா!"

"வேணாம் மொதலாளி. கடைசியா வந்த நாலஞ்ச வெச்சுக்குவோம். வலிக்குதுன்னு சொல்றவன் வாயப் பொத்திட்டா வலி போயிடுமா?"

அந்த நாலைந்தைப் புரோகிராம் செய்தவர்களுக்கு அனுப்பினாள். மிச்சத்தை அழித்தாள். இனிமேல் புது அறிக்கை வந்தால் பழையது தானாகப் போகும்படி வரம்பு கட்டினாள். டிஸ்க் மூச்சுவிட்டது, பேட்ஜ் சேமிப்பில் ஏறியது, மெஷின் பாடியது. சாயங்காலம் என் வேன் பறந்தது. ஆமாம், சக்கரம் தரையில் படவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது: மெஷினுக்குப் போகும் கரண்ட் நடுவில் சட்டென்று இறங்குகிறது, பாருங்கள் என்று. மெஷின் இருந்த சுவரிலேயே சாப்பாட்டு நேரத்தில் இரண்டு ப்ளக் ஏறும்: இஸ்திரிப்பெட்டி, பட்டன் தைக்கும் நம் பட்டன் சித்தியின் டீ கெட்டில். இரண்டையும் அக்கா எதிர்ச்சுவருக்குத் துரத்தினாள். அதோடு புரோகிராம் விழுவதும் நின்றது.

இப்போதும் காலையில் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பார்க்கிறேன். நூறு அன்னம் சாலையைக் கடக்கும். நான் டிராஃபிக் போலீஸ்காரரிடம், "எங்கக்கா வரைஞ்சது சார்!" என்பேன்.

"நேத்தே சொல்லிட்டே, வண்டிய எடு," என்பார். சொல்லட்டுமே. நாளைக்கும் சொல்வேன்.

இவ்வளவுதான் கதை. பட்டறையில் சுற்றி உட்கார்ந்து கேட்ட எல்லோரும் கைதட்டியிருக்க வேண்டும். பட்டன் சித்தி எழுந்தாள்.

"எல்லாம் சரிப்பா. கடைசியில குத்தம் அந்த இஸ்திரிப்பெட்டி மேலதான்னு தெளிவாச் சொல்லு."

"என்னது? என் பெட்டியா? ஒன் கெட்டில் கொதிச்சா தெருவெளக்கே மங்குது!" என்றார் இஸ்திரி அண்ணன்.

"ஒங்க பெட்டி சட்டைய மடிக்குமுன்ன கரண்ட மடிச்சிடும்!"

"இப்பவே சொருகிப் பாத்துடலாமா?"

"சொருகுங்க! நானும் சொருகறேன்!"

இரண்டு பேரும் வயரை இழுத்துக்கொண்டு பழைய சுவரை நோக்கி நடந்தார்கள். பாதிப் பட்டறை பெட்டியின் பக்கம், பாதி கெட்டிலின் பக்கம். ஒத்துமை ஜன்னல் வழியே இறங்கிப் போய்விட்டது.

அக்கா ஒரு கையால் டிசைனைச் சேமித்தாள். மறு கையால் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, அந்த இரண்டு வயரையும் பார்த்தாள்.