யார் வீட்டு மோர்?

அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒருநாளாவது நின்றவர்களுக்கு என் தொழிலை விளக்க வேண்டியதில்லை. தென்காசியில் வழக்குக்காரர்களை எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசும் வக்கீல் நான். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. திட்டு வாங்கும் உரிமை மட்டும் உண்டு.

நடுவில் ஒரு நாற்காலி

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் தம்பி வந்தார்கள். இருவருக்கும் பொதுக்கிணறு. அண்ணன் சுடலைமுத்து மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். தம்பி முருகையாவின் தக்காளி பூத்து நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் காணாவிட்டால் அத்தனை பூவும் உதிர்ந்துவிடும். இங்கே சாரல் ஜன்னலை நனைக்கிறது, அங்கே செடி காய்கிறது. எனக்கே பதறியது. ஆனாலும், "நான் யார் பக்கமும் இல்லை" என்று முறைப்படி ஆரம்பித்தேன். அண்ணன், கூட வந்திருந்த தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "யாரு பக்கமும் இல்லாதவங்களுக்கு இங்கன என்ன சோலி?"

ஒரு தம்ளர்

கிணற்றைப் பார்த்தால் வழி பிறக்கும் என்று நேரிலேயே போனேன். போனதுகூடத் தப்பில்லை. வெயில் தாங்காமல் அண்ணன் வீட்டில் ஒரு தம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டேன். ஆகாதவர் வீட்டில் யாரும் கை நனைக்காத ஊர் அது. நனைத்தால் அந்த வீட்டு ஆள் என்று அர்த்தம். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது மறந்துபோனதை என்னவென்று சொல்ல! வேலியோரம் நின்ற முருகையா சொன்னார்: "வக்கீலம்மா, மோரு அங்கன குடிச்சிட்டிய. தீர்ப்பையும் அங்கனயே சொல்லிட்டுப் போங்க."

வாட்ஸ்அப் அழைப்பு

அடுத்த முறை உட்கார்ந்தபோது நான் குடித்த மோரைத்தான் முதலில் விசாரித்தார்கள். அண்ணன் பொங்கிவிட்டார். "மோருக்குக் கேள்வி கேக்கான் பாருங்க! எம் மவ நிச்சயத்துக்கு வந்துட்டு, ஒருவாய் சாப்பிடாமப் போனவன்தான இவன்?" தம்பியும் விடவில்லை. "நேர்ல வந்தா கூப்பிட்டிய? வாட்ஸ்அப்புலதான அனுப்புனிய!"

மோட்டார் ரூமில் பூட்டு விழுந்தது அந்த நிச்சயத்துக்கு மறுநாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தொழிலில் அதுதான் கஷ்டமான வேலை. சுடலைமுத்து எழுந்தார். தம்பியின் நாற்காலி முன்னால் போய் நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் சொன்னார்: "ஏலே, வீட்டுக்குச் சாப்பிட வா. சாவி அடுப்பங்கரை ஆணியிலதான் தொங்குது. சாப்பிட்டுட்டு எடுத்துக்கோ."

இருவரும் ஒரே பைக்கில் கிளம்பிப் போனார்கள். கடைசிவரை நான் நடுநிலை தவறவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.