இருட்டு கேட்டுப் போன இடத்தில் ஆறு டியூப்லைட்

தென்காசியில் நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸ் சப்ளை செய்பவரிடம் ஆசைப்பட்டு ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினேன். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் ஊர் வெளிச்சத்தில் வானம் வெளுத்துக் கிடந்தது. குற்றாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சாரலில் லென்ஸ் நனைந்ததுதான் மிச்சம்.

"மழை எங்கன பெய்யாதோ அங்கன போவோம். திருவேங்கடம் பக்கம்" என்றார் என் கணவர். அவர் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். காலண்டரில் மாசி அமாவாசையை வட்டமிட்டார். காற்றாலை இருக்கும் ஊர்களை எல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அதன் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியுமாம்.

அந்த வாரமே திருவேங்கடத்துக்கு அப்பால் மக்காச்சோளம் போட்டிருக்கும் ஓர் அண்ணாச்சி கண் பரிசோதனைக்கு வந்தார். எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்க ஊர்ல ராத்திரி நல்லா இருட்டா இருக்குமா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இப்படிக் கேக்கிய? எங்க ஊருக்குக் கரண்ட் வந்து எம்புட்டு வருசமாச்சு தெரியுமா?"

நட்சத்திரம் பார்க்க வரலாமா என்றேன். "தாராளமா வாங்க. காட்டுல மோட்டார் ரூம் இருக்கு. அங்கனயே தங்கிக்கிடலாம்" என்றார். சமாதானமாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அமாவாசை அன்று ஃப்ளாஸ்க், தார்ப்பாய், புளியோதரையோடு காரில் கிளம்பினோம். திருவேங்கடம் தாண்டியதும் பொழுது அடைந்தது. தெருவிளக்குகள் குறையக் குறைய என் கணவர் உற்சாகமானார். வண்டிப்பாதையில் திரும்பினோம். எதிரே சோளக்காட்டின் நடுவே கோயில் கொடை விழாப் பந்தல் போல ஓர் இடம் ஜெகஜோதியாக எரிந்தது. மோட்டார் ரூமைச் சுற்றி ஆறு டியூப்லைட், கூரைமேல் ஒரு ஃபோகஸ் லைட்.

அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டு ஓடி வந்தார். "போதுமாம்மா? பத்தலைன்னா இன்னும் ரெண்டு கட்டச் சொல்லுதேன்."

கடையில் நான் கேட்ட கேள்வி அவரை எவ்வளவு குத்தியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சி, நட்சத்திரம் இருட்டுலதான் தெரியும். எங்க ஊர்ல வெளிச்சம் ஜாஸ்தி, அதான் உங்ககிட்ட வந்திருக்கோம்" என்றார்.

அண்ணாச்சி திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா வாசலில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "நான் மத்தியானமே சொன்னேன்லா. கேட்டியளா?" என்று எழுந்து போய் மெயினை இறக்கிவிட்டார்.

ஒரு நிமிடம் எதுவும் தெரியவில்லை. கண் பழகியதும் நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். அத்தனை நட்சத்திரம்.

டெலஸ்கோப்பில் வியாழனைப் பிடித்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாக நின்ற அதன் நிலாக்களைக் காட்டினேன். அண்ணாச்சி அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்தார். அக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, அவங்களுக்கு விடு. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக" என்றார் அண்ணாச்சி.

"இருங்க, ஒரு நிலா இப்பத்தான் ஓரமா வெளிய வருது" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமலே.

நாங்கள் தார்ப்பாயை விரித்துப் புளியோதரையைப் பிரித்தோம்.