டப்பாவில் வைக்க முடியாத சாப்பாடு

அக்கா வீட்டுக்காரருக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பகல் வேலை. அவள் செருப்பைக் கழற்றும்போது மாமா ஷூவை மாட்டிக்கொண்டிருப்பார். உங்கள் குடும்பத்தை நடத்துவது ஃபிரிட்ஜ்தான் என்று நான் கிண்டல் செய்வேன். ஒருவர் சமைத்து டப்பாவில் வைத்துவிட்டுப் போவார், மற்றவர் சூடாக்கித் தின்பார். உப்பு கம்மி என்பதைக்கூட ஃபோனில்தான் சொல்லிக்கொள்வார்கள். லீவு நாளில் மாமாவுக்குக் கும்பகர்ணத் தூக்கம். அவரை எழுப்ப அவளுக்கு மனசு வராது.

கல்யாணமான புதிதில் இந்த ஏற்பாடு தற்காலிகம் என்றார்கள். தலை நரைத்தும் அந்தத் தற்காலிகம் முடியவில்லை. அக்காவைவிட மாமாதான் இதில் அதிகம் வாடிப்போனார். பெண்டாட்டி இருந்தும் தனிக்கட்டை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் ஃபோனில் ஒரு சமையல் வீடியோ பார்த்திருக்கிறார். கிரேக்க பாணிச் சிக்கன் ரோல், தயிர் சாஸ் ஊற்றியது. சுருட்டிய கையோடு சாப்பிட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் ரொட்டி ஊறிக் கூழாகிவிடும் என்று சமையல்காரர் எச்சரித்தாராம். உடனே எனக்கு ஃபோன்.

"மாப்ள, டப்பால வைக்கவே முடியாத சாப்பாடு ஒண்ணு கெடச்சிருக்கு! செஞ்சா ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டே ஆகணும்."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, ஒருநாள் தாமதமாக வர அனுமதி வாங்கினார். தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டார். வெள்ளரிக்காயைத் துருவி ஒட்டப் பிழிந்து, பூண்டும் உப்பும் சேர்த்து அந்தக் கெட்டித் தயிரில் கலந்தார். பீட்சாவோடு வந்து அலமாரியில் சேர்ந்து கிடந்த ஒரிகானோ பொட்டலங்களைப் பிரித்து, எலுமிச்சைச் சாறோடு கோழித் துண்டுகளில் தடவி ஊறவைத்தார். முதல் ரொட்டி கருகிவிட்டது. சாப்பாட்டு மேசைக்கு ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொன்று படுக்கையறையில் துணி சுமந்துகொண்டிருந்தது. துணியைக் கட்டிலில் கொட்டிவிட்டு அதைத் தூக்கி வந்து எதிரே போட்டார்.

அக்கா வந்ததும் பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, வேலைக்குப் போகலையா? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

சூடான ரொட்டியில் கோழி, வெங்காயம், தக்காளி வைத்து, சாஸை ஊற்றிச் சுருட்டி, அடியில் அலுமினியத் தாள் சுற்றிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று சுருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அக்கா ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே இருந்தாள். சுவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அக்கா ரோலைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதுர்ல உக்காந்திருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது. பழக்கம் விட்டுப்போச்சு. நீங்க கெளம்புங்க, நான் சாப்பிட்டுக்கறேன்."

அவள் கண் கலங்கிவிட்டதாம். மாமா தன் ரோலை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டார். படிக்கட்டிலிருந்துதான் எனக்குக் கூப்பிட்டார். கேட்டதும் எனக்கு அக்கா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார், இரண்டு வாய் விழுங்கினால் குறைந்தா போய்விடுவாள்?

"அவளத் திட்டாத மாப்ள" என்றார் மாமா. "போன்னு அவ சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எனக்கும் தொண்டையிலதான் நின்னுச்சு."

ரோல் என்ன ஆயிற்று என்று கேட்டுவைத்தேன்.

"இங்க படியில உக்காந்து தின்னுட்டிருக்கேன். நல்லா எறங்குது."