பதினான்கே கால் ரூபாய்

அம்மா இறந்த ஒரு வருஷத்தில் எங்கள் வீட்டில் பேச்சு என்பதே அநேகமாக நின்றுபோயிருந்தது. அப்பா பேசத் தெரியாதவர் இல்லை; ஆபீசில் பேசுவாராம். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்துப் பேச்சையும் வாசலிலேயே கழற்றிவிடுவார். சாப்பிட்டியா, கதவைச் சாத்திக்கோ. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இது போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்குப் போதவில்லை.

முதல் திவசத்துக்குத் திருச்சியிலிருந்து அத்தை வந்தாள். வந்தவள் சும்மா போவாளா? பெரியவளாகப் போகிற பெண்ணைத் தனி ஆம்பிளை எப்படி வளர்ப்பான், திருச்சியில் கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்துவிடு என்றாள். செலவுக்கும் அவளே வழி சொன்னாள். தாத்தா அம்மாவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த கோயம்புத்தூர் மில் ஷேர்கள் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விற்றால் ஆயிற்று.

"விலை ஏறட்டும், வித்துடலாம்" என்றார் அப்பா.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. அன்றுமுதல் என் தலையெழுத்து தினமும் பேப்பரில் வர ஆரம்பித்தது.

காலையில் ஆங்கிலப் பேப்பரைப் பார்த்துவிட்டு அப்பா குளிக்கப் போனதும், கடைசிக்கு முந்திய பக்கத்தை எடுப்பேன். எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்து. அதில் எங்கள் மில்லைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பீரோவில் இருந்த பத்திரத்தில் பத்து ரூபாய் என்று அச்சடித்திருந்தது. பேப்பரிலோ பதினான்கே கால். எது நிஜம்? கணக்குப் புத்தகத்தில் பங்குகள் என்று ஒரு பாடம் இருந்தது. பத்திரத்தில் இருப்பது முகமதிப்பு, மாறாது; சந்தையில் ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கும் விலை வேறு, அது மாறிக்கொண்டே இருக்கும் என்று போட்டிருந்தது. சில மில்களின் விலைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும். அது முந்தைய விலை என்பதைப் பழைய பேப்பரோடு ஒத்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை.

மற்ற மில்கள் ஏறின, இறங்கின. எங்கள் மில் மட்டும் பதினான்கே காலிலேயே நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். என்ன சமர்த்து மில் என்று அதன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. கோயிலைக் கடக்கும்போதெல்லாம், கபாலீஸ்வரா, ஏற்றிவிடாதே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஷேர் விலை ஏறக் கூடாது என்று அந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே பக்தை நானாகத்தான் இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை பார்த்தால், பதினைந்து. அடைப்புக்குறிக்குள் பதினான்கே கால். அப்பா ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்பதுகூடத் தோன்றாமல், அந்தத் தாளை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

சாயந்திரம் புரோக்கர் ஆபீஸ் குமாஸ்தா சைக்கிளில் வந்தார். ராயப்பேட்டைக்காரர். நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாசக்கணக்கா எவனும் வாங்கல சார். பேப்பர்காரன் பழைய விலையவே போட்டுக்கினு இருந்தான்" என்றார். "இப்பத்தான் ஒரு பார்ட்டி வந்துகீறான். பதினஞ்சுக்கு மொத்தமும் எடுத்துக்கிறேன்றான். இன்னா சொல்றீங்க?"

என் சமர்த்து மில் உறுதியாக நின்றதெல்லாம் இல்லை, அதை யாருமே சீண்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வருத்தப்பட நேரமில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபது. அதுக்குக் கீழே இல்லை" என்றார் அப்பா.

"மில்லு கீற நெலமைக்கு இருவது எந்தக் காலத்துலயும் வராது சார்."

"தெரியும்."

குமாஸ்தா தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பதினைந்து போதாதாம், இருபது வேண்டுமாம். பெற்ற பெண்ணைத் துரத்துவதிலும் லாபம் பார்க்கிற மனுஷன் என்று மனசுக்குள் திட்டினேன். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

ஹாஸ்டலுக்கு நான் போகவே இல்லை. அத்தை எத்தனை கடிதம் போட்டாலும், இன்னும் விலை வரவில்லை என்று அப்பா ஒரு கார்டு எழுதி என்னிடம் கொடுப்பார். அதைப் படித்துவிட்டு, இருபது வந்து தொலைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே தபால் பெட்டியில் போடுவேன். விற்க மனசில்லாதவர்தான் அப்படி ஒரு விலை கேட்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் என்னைப் போலவே, ஏறிவிடக் கூடாதே என்றுதான் தினமும் அந்தப் பக்கத்தைப் பிரித்திருக்கிறார். தெரிந்திருந்தால் அந்த வருஷங்களில் நாங்கள் கொஞ்சம் பேசிக்கொண்டாவது இருந்திருப்போம்.