எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாபநாசம் வரை சைக்கிளில்

பங்குனி பிறந்த முதல் சனிக்கிழமை, பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குச் சைக்கிளில் போய்வந்தோம், நானும் என் மகள் ஜெபாவும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சைக்கிளைத் தொட்டு எட்டு வருடம் ஆகிறது. பிறகு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். ஜெபாவுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ரயில். ஒற்றைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்குத் துளியும் மனமில்லை. பதினோரு நாளாக அவளோடு பேசாமல், சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட அவள் அம்மாவிடம் சொல்லித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பாபநாசம் வரைக்கும் சைக்கிள்ல வாங்கப்பா. முழுசும் மிதிச்சு வந்துட்டீங்கன்னா நான் புனே போகலை. வழில எந்த வண்டிலயாவது ஏறிட்டீங்கன்னா, மூஞ்சியத் தூக்கி வைக்காம, சிரிச்சுக்கிட்டே என்னைய ரயிலேத்தி விடணும்."

படியேறினாலே வலிக்கும் என் முழங்கால்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. "அப்பனுக்கும் மவளுக்கும் கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்று என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பந்தயத்துக்குச் சம்மதித்தேன்.

இனி, எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறுக்கு வருகிறேன். அகத்தியர் அருவிக்குப் போனால் எண்ணெய் தேய்த்துத்தான் குளிக்கவேண்டும்; அதுவும் சனிக்கிழமை. ஆனால் அருவிக்குப் போகும் வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான் யோசித்தேன். பாட்டிலைத்தானே பிடுங்குவார்கள், ஆளையா பிடுங்குவார்கள்? காலை ஐந்து மணிக்கே உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டு, பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஜெபா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் சைக்கிளை எடுத்தாள். பந்தயத்தில் எதிராளி தானே வழுக்கி விழப்போகிறான் என்றால் யார் எச்சரிப்பார்கள்?

மேலப்பாளையம் தாண்டுவதற்குள் கைப்பிடி என் கையில் நிற்க மறுத்தது. இருபுறமும் துண்டைச் சுற்றிக் கட்டினேன். பத்தமடையில் விடிந்துவிட்டது. பங்குனிக் காலை என்றால் இதுதான்: புங்க மரமெல்லாம் இளம்பச்சையாகத் துளிர்த்து, வேம்பு பூத்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் மேய்ந்தன. சாலையின் பாதியில் நெல்லையும் வைக்கோலையும் காயப்போட்டிருந்தார்கள். அந்தத் தூசியும் உமியும் காற்றில் பறந்து வந்து என்மேல் படிந்தன. படிந்தது போகவே இல்லை. சேரன்மகாதேவிக்கு (இருபது கிலோமீட்டர், மணி ஏழே கால்) நான் ஒரு வைக்கோல் படப்பாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

இட்லிக் கடையில் இரண்டு பேருக்கு எண்பது ரூபாய். கடைக்காரர் நாற்காலியைச் சட்டென்று நகர்த்திவிட்டார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. அங்கன வாசல்ல நின்னு சாப்பிடுங்க. இல்லன்னா அடுத்து உக்காருதவன் வழுக்கி விழுந்துருவான். எண்ணெய தேச்சுக்கிட்டு எங்கன போறீய?"

"குளிக்க."

"இங்கன ஆறு இல்லையாக்கும்?"

நின்றுகொண்டே ஐந்து இட்லி சாப்பிட்டேன். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் வந்தன, போயின. அதிசயம் என்னவென்றால், முழங்கால் வலிக்கவே இல்லை. எண்ணெயின் மகிமையோ என்னவோ, இளவட்டம்போல மிதித்தேன். ஜெபாதான் பின்தங்கி, பின்தங்கி வந்தாள்.

பத்து மணிக்கு விக்கிரமசிங்கபுரம். பஞ்சாலை ஷிப்டுக்குப் போனவர்களின் சைக்கிள்கள் வரிசையாக நின்ற ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். இன்னும் நான்கு கிலோமீட்டர்தான். நான் ஜெயித்த மாதிரிதான். ஜெபா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா. வரலைன்னு கம்பெனிக்கு இப்பமே மெயில் போட்டுருதேன். அருவிக்குப் போய்ப் போட்டா எனக்கு அழுகை வந்துரும்."

கைப்பேசியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். சண்டை இல்லை, சாக்கு இல்லை. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றப் போகிறாள். நானாக இருந்தால் ஆயிரம் சாக்கு சொல்லியிருப்பேன். எனக்கு ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம்கூட வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று பாபநாசம் பக்கம் போவதைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

"அந்த மெயில வையி பிள்ள. இடது மூட்டு செத்துப்போச்சு. என்னால முடியாது."

ஓட்டுநர் நூறு ரூபாய் கேட்டார். "தாருமேல படாம உக்காருங்க அண்ணாச்சி, எண்ணெய் பட்டா ஏவாரி என்னைய ஏசுவாரு" என்றார். சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி மூலையில் குந்தினேன். ஜெபா பின்னாலேயே மிதித்து வந்தாள்.

சாவடிப் பக்கம் இறங்கி நொண்டிக்கொண்டே போனேன். வனக்காவலர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பாட்டில் இல்லன்னா சரியாப் போச்சோ? உம்ம மேலயே அரை லிட்டர் இருக்கே வே! எல்லாத்தயும் கழுவிட்டு வாரும், பொறவு விடுதேன்."

கீழே கட்டணக் குளியலறையில் இருபது ரூபாய் கொடுத்து, சீயக்காய்ப் பொட்டலம் மூன்றைத் தேய்த்துக் காலி செய்தேன். வெளியே வந்ததும் ஜெபா என் காலையே பார்த்தாள்.

"அப்பா, வலி இடது மூட்டுன்னுதான சொன்னீங்க? வலது காலத்தான நொண்டுதீங்க."

நான் நனைந்த துண்டைப் பிழிய ஆரம்பித்தேன். அவள் அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அருவியில் ஒரு மணி நேரம் நின்றோம்.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தம் சுமார் நாற்பத்தேழு கிலோமீட்டர். ஐந்தரைக்குப் பிந்திக் கிளம்பாதீர்கள், பத்துக்கு மேல் வெயில் கொல்லும். காய்கிற நெல்லின்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், விளைவித்தவருக்குக் கோபம் வரும். திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறலாம் என்று நினைத்தால், சைக்கிளுக்கு என்ன ஏற்பாடு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணெயை வீட்டிலேயே தேய்த்து, வீட்டிலேயே குளித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை அவளைத் திருநெல்வேலி சந்திப்பில் ரயிலேற்றினேன். கடைசிப் பெட்டி கண்ணைவிட்டு மறையும்வரை பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றேன். பந்தயப் பேச்சு அதுவரைக்கும்தான், அதற்குப் பிறகு அழக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.