அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில்

யாழ்ப்பாணப் பட்டணத்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட அந்த மாடிக் கடை இருந்தது. சைவச் சாப்பாட்டுக்குப் பேர் போன கடை. இன்று நினைத்தாலும் முதலில் வருவது அதன் வெளிச்சம்தான். சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக்கு அரிக்கன் லாம்பு. அங்கேயோ மின்சார பல்புகள், சுவர் நிறைய ஒரு நிலைக்கண்ணாடி, அதற்குள்ளும் பல்புகள். எது கடை, எது கண்ணாடி என்று தெரியாமல் மிதந்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

உட்கார வைத்த இடம்தான் வில்லங்கம். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அம்மாவின் அண்ணன். இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. மலாயாவில் உத்தியோகம் பார்த்த மாமா, போன லீவில் வந்தபோது எங்கள் வீட்டு வளவுக்கும் பக்கத்திலிருந்த அவர் வளவுக்கும் நடுவே புது வேலி அடைத்தார். வேலிக்கு நட்ட கதியால் ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி வந்துவிட்டது. அன்றோடு அம்மா அவர் வீட்டில் கை நனைப்பதில்லை. இப்போது இந்த லீவும் முடிந்து மறுநாள் அவருக்குப் பயணம். அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவிடுவாரோ என்று ஐயாவுக்கு, என் அப்பாவுக்கு, பயம்.

“கடை ஒருத்தற்றை வீடும் இல்லைத்தானே. அங்கை கை நனைச்சா ஆருக்கும் குறைவில்லை,” என்று எல்லாரையும் கடைக்குக் கூப்பிட்டார் ஐயா. இப்படிச் சட்டம் கதைக்க அவருக்கு நன்றாக வரும். மறுக்க வழியில்லாமல் அம்மா புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்தார்.

சாப்பாடு சரி, பேச்சு? அதற்குத்தான் நான். கோபக்காரர்கள் கதைக்க எங்கள் ஊரில் நடுவில் ஒரு பிள்ளை வேண்டும்.

“கொம்மாவிட்டைச் சொல்லு பிள்ளை, நாளைக்கு வெள்ளெனப் பயணம் எண்டு.”

“அம்மா, மாமாவுக்கு நாளைக்கு வெள்ளெனப் பயணமாம்.”

“போறவையை ஆர் மறிச்சது எண்டு கேள்.”

“மாமா, போறவையை ஆர் மறிச்சதாம்.”

இப்படியே போனது. என் இலையில் தோசை ஆறியது. எனக்கு ஒன்பது வயது, பசி வந்தால் கண்மண் தெரியாது. அவர்களுடைய ஒரு முழ வேலிக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? உளுந்து வடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். ஐயா கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

கண்ணாடிக்குள் இன்னொரு கடை. அங்கே எல்லாம் கொஞ்சம் மெதுவாக நடப்பது போலிருந்தது. இலைகளிலிருந்து ஆவி எழும்பி வெளிச்சத்தோடு கலந்தது. நடுவில் நான் எழும்பி வந்த வெறும் கதிரை. அதன் இரு பக்கமும் அம்மாவும் மாமாவும் தலை குனிந்து இருந்தார்கள். பரிமாறுகிறவர் தேங்காய்ப்பால் சொதி வாளியோடு வந்து மாமாவின் இலைக்கு மேல் அகப்பையை நீட்டினார்.

“அண்ணைக்கு உறைப்பு ஒத்துவராது. மிளகாய் விழாமல் விடுங்கோ.”

அம்மாவின் குரல்தான். மாமா நிமிரவில்லை. இலையில் பரவிய சொதியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்தார். நான் திரும்பினால் எல்லாம் கலைந்துவிடும் என்று நினைத்து வடை முடிந்த பிறகும் அங்கேயே நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்து கோபுரத்தடியில் நின்றபோது மாமா பழக்கத்தில் என் பக்கம் குனிந்தார்.

“கொம்மாவிட்டைச் சொல்லு, போயிட்டு வாறன் எண்டு.”

“அவளிட்டை என்னத்துக்குச் சொல்லுறியள்? எனக்குக் காது கேக்கும்,” என்றார் அம்மா.

மாமா நிமிர்ந்தார். “போயிட்டு வாறன் தங்கச்சி.”

“ஓம் அண்ணை.”

பிறகு உலக யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் மாமாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒன்றும் நல்ல கதையில்லை. இனி அவர் வரமாட்டார் என்று ஐயா ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

அம்மா கேட்கவில்லை. “வாறன் எண்டு சொன்னவர்,” என்றார். “நடுவிலை நிண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை காதாலை கேட்டனான்.”