அப்பாவுக்கு ஒரு எஃப்.சி.

போன மாதம் என் அப்பா ஒரு டாக்டரிடம் பொய் சொன்னார். அதுவும் மீசைக்கு டை அடித்துக்கொண்டு போய்!

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பம்ப்பிங்கும் கொஞ்சம் குறைவு. இப்போது கூடவே ஹெர்னியா. அடிவயிற்றில் புடைப்பு, நின்றால் வலி. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் முதலில் இதய டாக்டரிடம் 'ஃபிட்னஸ்' வாங்கி வாருங்கள் என்று தென்காசியில் சர்ஜன் சொல்லிவிட்டார்.

வினையே அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்தது.

அப்பா லாரி வைத்திருந்தவர். புளியறை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றியவர். அவருக்குத் தெரிந்த ஃபிட்னஸ் ஒன்றே ஒன்றுதான் — எஃப்.சி.! வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வாங்கும் சர்டிஃபிகேட். அதற்கு அவரிடம் ஒரு வழிமுறை உண்டு. பெயின்ட் அடிப்பார். வேறொரு லாரியிலிருந்து நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டுவார். என்ன கேட்டாலும் "எல்லாம் ஓகே சார்" என்பார். காரியம் முடிந்ததும் பழைய டயர் திரும்பிவிடும்.

அதே வழிமுறையை இப்போது இதயத்துக்கும் கையாண்டார். இரண்டு நாள் உப்பைக் குறைத்தார். முந்தின நாள் முழுக்கப் படுத்தே கிடந்தார். பிறகு மீசைக்கு டை. எங்கள் ஊர் குத்துக்கல்வலசையிலிருந்து ஆட்டோவில் போகும்போது எனக்கு உத்தரவு வேறு.

"ஏட்டி, அங்கன வந்து நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிடுதேன்."

பேசினார்.

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அதெல்லாம் கெடையாது. குடுகுடுன்னு ஏறிருவேன்."

"நைட் படுத்தா?"

"சொகமாத் தூங்குதேன்."

மூன்று தலையணையை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்குகிற மனிதர்!

நான் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ? சொல்லாவிட்டால்... ஆபரேஷன் டேபிளில் ஏதாவது ஆகிவிட்டால்?

சொல்லிவிட்டேன். "பொய் சொல்லுதாவ டாக்டர். போன சாரல் சீசனுக்குப் பழைய குற்றாலத்துல, கார நிறுத்துன எடத்துலேருந்து அருவிக்குப் போறதுக்குள்ள மூச்சு முட்டி அங்கங்க உக்காந்துட்டாவ. குளிக்காமலே திரும்பி வந்தோம்."

அப்பா என்னை முறைத்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"ஆபரேஷன் இல்லேன்னுட்டா, நான் நாலு பேரு மத்தியில இப்படியே அடிவயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கணுமாம்மா?"

எனக்குக் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. மனிதர் பயந்தது ஆபரேஷனுக்கு அல்ல, அது கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான்.

"ஐயா, இது பாஸ், ஃபெயில் போடுற பரீட்சை இல்ல" என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணுனாலும் ரிஸ்க் உண்டு. பண்ணாம விட்டு, அந்தப் புடைப்புல குடல் மாட்டிக்கிட்டா அவசரமாப் பண்ணணும், அது இன்னும் ரிஸ்க். மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சாத்தான மருந்த மாத்திக் குடுத்து, கொஞ்ச நாள் தள்ளி, முழு மயக்கம் இல்லாமப் பண்ணலாமான்னு நாங்க யோசிக்க முடியும்?"

அப்பாவை மட்டும் சொல்வானேன்? ஷுகர் டெஸ்ட் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே இனிப்பை நிறுத்துகிறவர்கள்தானே நாம்? ரிசல்ட் நன்றாக வந்தால் போதும். அந்த சந்தோஷத்தில் திரும்பி வரும் வழியிலேயே ஒரு அல்வா...

மருந்து மாறியது. சில வாரம் காத்திருந்தோம். அத்தனை நாளும் அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் கஞ்சியில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் அன்று தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் மயக்க டாக்டர் வந்து, மூச்சு வாங்குமா, படபடப்பு வருமா என்று மறுபடியும் கேட்டார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னையக் கேக்காதீய. அந்தா நிக்கா பாருங்க எம் மவ, அவகிட்டக் கேளுங்க. உள்ளதச் சொல்லிருவா."

என்னைப் பற்றி அவர் வெளியாளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. மயக்க மருந்து எதுவும் ஏற்றுவதற்கு முன்னால்தான் சொன்னார் என்று நர்ஸிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்!